போர்ஷனில் இல்லாத பாடம்

1

போன வெள்ளிக்கிழமை மகனைக் கூட்டிவரக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த ஆசிரியை என்னிடம் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதால் நல்ல விஷயமாகத்தான் இருக்கும் என்று நானும் சிரித்துக்கொண்டே "வி, வி" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். மான்ட்ரியலுக்கு வந்து ஆறு வருஷத்தில் நான் அதிகமாகப் பயன்படுத்திய சொல் அதுதான். காரில் ஏறியதும் நாலரை வயதுக் கதிர் கேட்டான்: "அப்பா, நெஜமாவே திங்கக்கிழம எங்க கிளாசுக்கெல்லாம் கேக் பண்ணி எடுத்துட்டு வரப்போறியா?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் மாவு பறந்தது. செல்வி, அதாவது என் மனைவி, முட்டையை அடித்தபடி கேட்டாள்: "புரியலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"புரியலன்னு பிரெஞ்சுல சொல்றதுக்குள்ள அந்தம்மா முடிச்சிட்டாங்க."

இந்த லட்சணத்தில், பிளஸ் டூவில் பிரெஞ்சுப் பாடத்தில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். செல்வியிடம் கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதை அவள் மறக்க மாட்டேன் என்கிறாள்.

2

இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கமே தேவையில்லை. பத்தாவது வரை தமிழ் படிப்போம். பதினொன்றாவதில் கொஞ்சம் நன்றாகப் படிக்கிற பிள்ளையாக இருந்தால் வீட்டில் கூடிப் பேசி, தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுக்க வைப்பார்கள். அந்த மொழியின் மேல் பிரியம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். தமிழில் எவ்வளவு மாய்ந்து மாய்ந்து எழுதினாலும் திருத்துகிறவர்கள் கையை இறுக்கிவிடுவார்கள். பிரெஞ்சில் அள்ளிக் கொடுப்பார்கள். அதற்குப் பெயரே 'ஸ்கோரிங் சப்ஜெக்ட்'.

எங்கள் பிரெஞ்சு வகுப்பில் பிரெஞ்சு பேசி நான் கேட்டதில்லை. சார் ஆங்கிலத்தில் நடத்துவார், நாங்கள் ஆங்கிலத்தில் விடை எழுதுவோம். பிரெஞ்சுப் பத்தி ஒன்றைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பு கைடில் இருக்கும். கைடு மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் கிடைக்கும். முதல் வரியின் முதல் சொல்லைப் பார்த்தால் போதும், எந்தப் பத்தி என்று கண்டுபிடித்து மனப்பாடமாக ஒப்பித்துவிடலாம். நடுவில் இருக்கும் பிரெஞ்சைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. பாடப் புத்தகத்தில் சில பாடங்களுக்கு மேலே சார் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்வார். அந்தப் பாடம் போர்ஷனில் இல்லை, பரீட்சைக்கு வராது. அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

எனக்கு இந்த யோசனையைச் சொன்னவர் அப்பா. மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றவர். சிக்னல் பார்த்து வண்டி விடுகிற மாதிரி எங்கள் படிப்பைப் பார்த்தார். எனக்கு அந்தத் தடம் சரியாகப் போனது. இன்ஜினியரிங் முடித்தேன், வேலை கிடைத்தது, கனடா வந்தேன். ஆகையால் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளான என் தங்கை அமுதாவுக்கும் அப்பா அதே தடத்தைத்தான் போட்டார். அவளும் தமிழை விட்டாள், பிரெஞ்சு எடுத்தாள், மதிப்பெண்ணை அள்ளினாள். கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண். இந்த வருஷம் ஜூலையில் இன்ஜினியரிங் கவுன்சிலிங். ஒருவேளை அதில் நினைத்தது கிடைக்காவிட்டால் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சீட்டுக்கு அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

3

தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில், எழுதிக் கொடுத்து நாலு வருஷமாகியும், எங்கள் வீட்டுக்கு இன்னும் போன் வரவில்லை. அடுத்த வீட்டு ஹமீது பாய் வீட்டுக்குத்தான் கூப்பிட வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இங்கே காலையில் நான் கூப்பிட்டால் அங்கே மாலை. ஒருமுறை கூப்பிட்டு, "பாய், நான்தான்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டால் எங்கள் வீட்டார் எல்லோரும் பாய் வீட்டு ஹாலில் வரிசையாக நிற்பார்கள். எங்கள் குடும்பத்தில் ரகசியம் என்று ஒன்றுமே பாக்கியில்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

மே மாதம் ஒரு ஞாயிறு, போனை எடுத்த பாயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். "தம்பி, உன் தங்கச்சி பெரிய பேஜாரா பண்ணிக்கினு கீது. இன்ஜினியரிங் வாணாமாம். பிரெஞ்சு படிக்கப் போவுதாம். நீ சொன்னா கேக்கும்."

அப்பா போனை வாங்கினார். "இன்னாடா, கேட்டியா? மார்க்குக்குப் படிக்கச் சொன்னா, அத்தயே படிப்பா படிக்கிறேன்றா. நாளிக்கு கவுன்சிலிங் கார்டு வந்தா இன்னா பண்றது? நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு. அங்க இதுக்கெல்லாம் மதிப்பு இல்லன்னு சொல்லு."

வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் என்றால் ஊரில் எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் சுப்ரீம் கோர்ட். பல்வலிக்கு மாத்திரையிலிருந்து வீட்டுமனை வரை எங்களைக் கேட்பார்கள். உண்மையில் அந்தப் படிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் வெளிநாட்டு அண்ணனுக்கு மரியாதை போய்விடும். ஆகையால், "அமுதாகிட்ட குடுங்க, பேசறேன்" என்றேன்.

அவள் போனுக்காகக் காத்திருந்தது போலப் பேச ஆரம்பித்தாள். "அண்ணா, சும்மா பிரெஞ்சு இல்ல. கம்பேரட்டிவ் லிட்ரேச்சர். மொதல்ல பி.ஏ. பிரெஞ்சு, அப்புறம் எம்.ஏ.வுல அது. ஒரு லைப்ரரில அமெரிக்கன் காலேஜ் புக்லெட் ஒண்ணு பாத்தேன். அதுல ரெண்டு மூணு மொழி இலக்கியத்த பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிப்பாங்களாம்."

"எதுக்கு?"

"அதத்தான் உங்கள கேக்கலாம்னு இருந்தேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பாயாகத்தான் இருக்க வேண்டும்.

எப்படி இந்த ஆசை வந்தது என்று கேட்டேன். போர்ஷனில் இல்லாத ஒரு பாடத்தால் வந்தது என்றாள். பரீட்சைக்குப் படித்துப் படித்து அலுத்துப்போய், பெருக்கல் குறி போட்ட பாடம் ஒன்றைச் சும்மா திறந்திருக்கிறாள். கைடில் அதற்கு மொழிபெயர்ப்பு இல்லை. ஆகையால் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் படித்திருக்கிறாள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர். ஒருத்தர் வீட்டு அக்ரூட் மரத்தின் கிளை இன்னொருத்தர் தோட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. காய் யாருக்கு என்று சண்டை. அவ்வளவுதான் கதை.

"அண்ணா, இதே சண்ட நம்ம தெருவுல முருங்க மரத்துக்கு நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? மூணு நாள் தெருவே கூடி நின்னுச்சு. ஆனா அந்தக் கதைல யாருமே சத்தம் போடல. 'மன்னிக்கணும், ஐயா, தங்கள் கிளை'ன்னு பேசறாங்க. ஆனா படிச்சா, நம்ம தெரு சண்டயவிட அவங்களுக்குத்தான் கோவம் அதிகம்னு தெரியுது. சத்தமே இல்லாம அவ்ளோ கோவத்த எப்பிடி எழுதறாங்க? நம்மகிட்ட அந்த மாதிரி யாராச்சும் எழுதியிருக்காங்களா? எனக்கு அது தெரியணும்ணா."

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பாடப் புத்தகம் மாறவே இல்லை; அதே பக்கம் என்னிடமும் இரண்டு வருஷம் இருந்தது. நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

"விசாரிச்சு சொல்றேன்" என்றேன். இந்த ஒரு வார்த்தை போதும் என்று அப்பாவும் நினைத்துக்கொண்டார், அமுதாவும் நினைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வேறு வேறு பதிலை எதிர்பார்த்தார்கள்.

4

இங்கே என் அலுவலகத்திலிருந்து மெட்ரோவில் கொஞ்ச தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு வேளையில் ஒருநாள் போனேன். வரவேற்பில் இருந்த பெண் பிரெஞ்சில் கேட்டார். நான் "வி" சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சேர்க்கை அலுவலகம் போகச் சொன்னார்கள். அங்கே, மாணவியின் விண்ணப்ப எண் என்ன என்றார்கள். மாணவி தாம்பரத்தில் இருக்கிறாள், இன்னும் விண்ணப்பிக்கவில்லை, விண்ணப்பிக்கவும் போவதில்லை என்றேன். அப்படியானால் இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. கடைசியில் யாரோ பரிதாபப்பட்டு மாடியில் ஒரு பேராசிரியையின் அறையைக் காட்டினார்கள்.

அறுபது வயதிருக்கும். அவரும் வந்தேறிதான், ஹங்கேரிக்காரர். என் பிரெஞ்சை ஒரு வாக்கியம் கேட்டுவிட்டு, இரக்கத்தோடு ஆங்கிலத்துக்கு மாறினார். அக்ரூட் மரத்தையும் முருங்கை மரத்தையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, முருங்கை மரச் சண்டையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். யார் முதலில் கத்தினது, பெண்கள் என்ன சொன்னார்கள், கடைசியில் எப்படி முடிந்தது என்று அவர் கேட்கக் கேட்க, நான் ஆறு வருஷமாக நினைத்தே பார்க்காத எங்கள் தெருவை விஸ்தாரமாக விவரித்துக்கொண்டிருந்தேன்.

"உங்கள் தங்கைக்கு நல்ல மூக்கு" என்றார். "அந்தப் பிரெஞ்சுக் கதைக்குப் பக்கத்தில் எந்தத் தமிழ்க் கதையை வைக்கப் போகிறாளாம்?"

"அவள் தமிழை விட்டுவிட்டாளே. இரண்டு வருஷமாக."

"ஏன்? தமிழ் உங்கள் மொழி என்றுதானே சொன்னீர்கள்?"

மதிப்பெண் விவகாரத்தை விளக்கினேன். எவ்வளவு விளக்கினாலும் அவருக்குப் பிடிபடவில்லை. மதிப்பெண்ணுக்காக ஒரு மொழியை எடுப்பதா? பரீட்சை முடிந்ததும் அதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். வைப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்: "சரி, அவளிடம் பிரெஞ்சு இருக்கிறது. ஒப்பிடுவதற்கு இன்னொன்று வேண்டாமா? எதோடு ஒப்பிடுவாள்?"

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மெட்ரோவுக்கு நடந்து வரும்போது அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே வந்தது. அமுதாவுக்காகக் குடைந்ததா, எனக்காகவா என்று சொல்லத் தெரியவில்லை. அன்று மாலை கதிர் காரில் ஏறி, காப்பகத்தில் நடந்ததையெல்லாம் பிரெஞ்சிலேயே சொல்ல ஆரம்பித்தான். "தமிழ்ல சொல்லுடா" என்றேன். கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "அங்க அது பிரெஞ்சுலதான் நடந்துச்சுப்பா" என்றான்.

5

அடுத்த ஞாயிறு, பேராசிரியை கேட்டதை அப்படியே அமுதாவிடம் சொன்னேன். நான் சாமர்த்தியமாகத்தான் செய்கிறேன் என்று எண்ணியிருந்தேன். 'என்னிடம் இரண்டாவது மொழி இல்லை, ஆகவே இந்தப் படிப்பு சரிப்படாது' என்று அவளே முடிவெடுப்பாள், அப்பாவும் சந்தோஷப்படுவார், எனக்கும் கெட்ட பெயர் வராது. அவளோ, "அந்த மேடம் கேட்டது கரெக்ட்டுண்ணா" என்று மட்டும் சொன்னாள். அப்பா போனை வாங்கி, "சொல்லிட்டியா? நல்லதாப் போச்சு" என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் பாய் போனை எடுத்தபோது குரலே மாறியிருந்தது. "தம்பி, இன்னாத்த விசாரிச்சு சொன்ன நீ? பிரெஞ்சுன்னா கூட பரவால்ல. அது இப்ப தமிழ்னுது!"

பி.ஏ. தமிழ். ஊரில் இன்ஜினியரிங் கிடைக்காதவர்கள் பி.எஸ்.சி. போவார்கள், அதுவும் கிடைக்காதவர்கள் பி.காம்.; அப்படியே இறங்கி இறங்கி, எதுவுமே கிடைக்காதவர்களுக்குத்தான் தமிழ் என்று எங்கள் தெருவில் ஒரு கணக்கு உண்டு. கவுன்சிலிங் போனால் கம்ப்யூட்டரே கிடைக்கக்கூடிய மதிப்பெண் வைத்திருக்கிற பெண் அங்கே போய் நிற்கிறேன் என்கிறாள். பிரெஞ்சை மாலை வகுப்பில் சேர்ந்து தொடரப் போகிறாளாம். அம்மா சாப்பிடவில்லை. அப்பா அவளோடு பேசவில்லை. என்னோடும் பேச மாட்டேன் என்றுவிட்டார், அம்மாதான் சொன்னார்.

"எலக்ட்ரிக் டிரெயின்ல போயிட்டு வர்ற தூரத்துலதான் காலேஜுண்ணா" என்றாள் அமுதா, அதுதான் எங்கள் கவலை என்பது போல. "ஆனா ஒரு சிக்கல். பிளஸ் டூவுல நான் தமிழ் படிக்கல. அதனால அப்ளிகேஷனே வாங்க மாட்டேன்னுட்டாங்க. துறைத் தலைவிய நேர்ல பாத்து அனுமதி வாங்கணுமாம். அப்பாவும் வரணும். வரமாட்டேன்றார். வியாழக்கிழமதான் கடைசி."

"கவுன்சிலிங் போயிட்டு, எதுக்கும் கைல ஒண்ணு வச்சுக்கலாமே?"

"கவுன்சிலிங் ஜூலைல. அதுக்குள்ள இங்க கிளாஸ் ஆரம்பிச்சுடும். ஒண்ணுதாண்ணா முடியும்."

அவள் அழவில்லை. நான் மதியச் சாப்பாட்டு வேளையில் போய் ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது இந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் புரட்டிக்கொண்டிருந்தது. அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். வீட்டில் இல்லை என்று பாய் சொன்னார். ஹாலில் அப்பாவின் இருமல் எனக்கு நன்றாகவே கேட்டது.

6

வியாழக்கிழமை அப்பா போயிருக்கிறார். இது அமுதா சொல்லி எனக்குத் தெரிந்தது. காலையில் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறார். அவள் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். ரயிலிலும் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

கல்லூரி அலுவலகத்தில் இருந்த கிளார்க் பெண் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சார், தப்பான கவுண்டர்ல நிக்கிறீங்க போல" என்றிருக்கிறார். அப்பா, "இல்லம்மா, இதே கவுண்டர்தான்" என்றிருக்கிறார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்றாள் அமுதா.

துறைத் தலைவி ஒரு உரைநடைப் பக்கத்தைக் கொடுத்து அமுதாவை வாசிக்கச் சொன்னார். இரண்டு இடத்தில் திக்கினாள். என்ன புரிந்தது என்று கேட்டதற்கு, புரிந்ததைச் சொல்லிவிட்டு, புரியாததையும் சொல்லியிருக்கிறாள். பிறகு துறைத் தலைவி அப்பா பக்கம் திரும்பினார்.

"சார், இவ்வளவு ஆர்வம் இருக்கிற பொண்ணு ரெண்டு வருஷம் ஏன் தமிழ விட்டா?"

"அவ விடலம்மா. நான்தான் விடச் சொன்னேன். பிரெஞ்சு எடுத்தா மார்க்கு வரும்னு."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன சார்?"

"பரீச்சையோட எல்லாம் போயிடும்னு நெனச்சேன்மா. பெரியவனுக்குப் போயிடுச்சு. இவளுக்குப் போவல. அத இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும்னு கூட்டிக்கினு வந்தேன்."

அந்த அம்மா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஜூலையில் கவுன்சிலிங் கார்டு வந்தபோது அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டாராம். யாரும் போகவில்லை.

போன ஞாயிறு, கேக் வேலைக்கு நடுவில்தான் போன் செய்தேன். அமுதாவுக்கு வகுப்பு தொடங்கி இரண்டு மாதமாகிறது. இலக்கணம் பாடாய்ப் படுத்துகிறது, ஆனாலும் நன்றாக இருக்கிறது என்றாள். அப்புறம் அப்பா போனை வாங்கினார். மே மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசுவது அன்றுதான்.

"இன்னாடா, நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்பா."

"உன்ன ஒண்ணு கேக்கணும். அந்த காலேஜு அம்மாகிட்ட உனக்குப் போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். சொன்னதுலேர்ந்து மனசு கேக்கல. தப்பா சொல்லிட்டனா?"

"இல்லப்பா. கரெக்ட்டுதான். எனக்கு பிரெஞ்சு சுத்தமா போயிடுச்சு."

"அது எனக்குத் தெரியும்டா" என்றார் அப்பா. "நான் கேட்டது தமிழ."

மாவு ஒட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தேன். உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்ல வரவில்லை. கதிரும் செல்வியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துச் சொல்றேன்பா என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்து இதை எழுதியிருக்கிறேன். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அப்பா, நீங்களே படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.